இரண்டாவது கம்பத்துக்கு முன்னால்

...இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், கணக்கு சரியாகிவிடும், அப்புறம் வண்டியை எடுத்தால் எவனும் ஒன்றும் கேட்க முடியாது என்று கிருஷ்ணராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான், வைத்த கை சும்மா இருக்கவில்லை, கார் சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றியது, நிறுத்தியது, மறுபடி சுற்றியது. சாலை அவனுக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து மேலே போனது. வளைவின் முடிவில் இரண்டாவது கம்பம். முதல் கம்பம் கீழே, ஆலங்காயம் தாண்டிக் காடு ஆரம்பிக்கிற இடத்தில். ஒன்று வண்டி உள்ளே நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, மற்றது வெளியே போகிற நேரத்தை. நடுவில் இருக்கிற மலைப்பாதை முழுவதையும் எவ்வளவு நேரத்தில் கடந்தாய் என்று வகுத்துப் பார்த்து, சராசரி நாற்பதுக்கு மேல் போனால் அபராதச் சலான் போனுக்கே வந்துவிடும். நெடுஞ்சாலையில் இருப்பதுபோல் ஒரே ஒரு கேமரா என்றால் கம்பம் கண்ணில் பட்டதும் பிரேக்கை மிதித்துவிட்டு, தாண்டியதும் பழையபடி பறக்கலாம். இதை அப்படி ஏமாற்ற முடியாது. ஒரே வழி, நடுவில் எங்காவது நின்று, வேகமாக வந்து மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் சும்மா உட்கார்ந்து தீர்த்துவிட்டுப் போவது. அப்படித் தீர்க்கிறவர்களுக்காகவே முளைத்த கடை இது, பலாமரத்தடியில், பூங்காவனம் அக்காவின் டீக்கடை, இரண்டு பெஞ்சு, ஒரு ஸ்டவ், சீசனில் பலாச்சுளை, மற்ற நாளில் வேர்க்கடலை. கேமரா வருவதற்கு முன்னால் இந்த வளைவில் நிற்க யாருக்கும் ஒரு காரணமும் இருந்ததில்லை.

இன்றைக்கும் கீழ்க் கம்பத்தைத் தாண்டியதும் கால் தானாக அழுத்தியது. ஒவ்வொரு வளைவிலும் டயர் முனகியது, காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேல் தெரிந்து மறைந்ததுகூடச் சரியாக நினைவில்லை, மூங்கில், ஒரு பாலம், சாலையைக் கடந்த ஆடுகள், அவ்வளவுதான். எதற்கு அவ்வளவு அவசரம்? நேரத்துக்குப் போய்ச் சேர. சேர வேண்டியவன் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்? சலான் வராமல் இருக்க. சலான் ஏன் வரும்? அவசரப்பட்டதால்... இதை முதலிலிருந்து மறுபடி யோசித்தான், மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியிருக்கிறான். மூன்றாவது வந்தால் லைசென்ஸைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள், ஆம்பூரில் ஷூ கம்பெனி டிரைவருக்கு லைசென்ஸ் இல்லையென்றால் அவன் யார்? சாம்பிள் ஷூக்களைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், ஷூ ஆர்டர் கொடுக்க ஏர்போர்ட்டில் இறங்குகிற வெளிநாட்டு பையரை ராணிப்பேட்டை வழியாக ஃபேக்டரிக்கு அழைத்து வருவதும்தான் அவன் வேலை. இந்தக் கடையைக் காட்டிக்கொடுத்ததே ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் சுஹேல் அகமதுதான். "இன்னா தோஸ்து, மலை மேல ரேஸா ஓட்ற? பறந்து போ, வேணாங்கல. மேல ஒரு டீ குடி, அப்பால போ. கேமராவுக்கு இன்னா தெரியும், நீ மெதுவா வந்தியா, டீ குடிச்சியான்னு?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சுஹேலுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான். ஆனால் சொன்னது சரி, கேமராவுக்குத் தெரியாது. வண்டியின் பின்சீட்டில் இருக்கிற பிரியாணிப் பொட்டலத்துக்குத் தெரியும்.

ஆமாம், பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் தேக்சா, பிரியாணி அண்டா, திறக்கும்போதே சுஹேலின் மச்சான் கடையில் நின்று வாங்கி, கத்திரிக்காய்த் தொக்கைத் தனியாகக் கட்டச் சொல்லி, துண்டால் சுற்றிப் பின்சீட்டில் வைத்து எடுத்து வருவான், வாராவாரம். மேலே, மனைவி சௌமியா பிரித்ததும் விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு தடவையும் ஜில்லுனு ஆறிப்போய்த்தான் வருது, ஆம்பூர் அவ்ளோ தூரமா?" என்றாள். கோபம் இல்லை. கேள்விகூட இல்லை. அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான்? தூரம்தான் என்றா, இல்லை என்றா? அவளும் கேட்கவில்லை, சுட வைக்க எழுந்து போய்விட்டாள். குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு அடுப்பு, அதன் முன்னால் அவள் முதுகு, ஜன்னலுக்கு வெளியே ஹாஸ்டல் பிள்ளைகள் துணி துவைக்கிற சத்தம், அந்த முதுகைப் பார்த்து என்னவோ சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது... தோன்றியதோடு சரி.

ஜமுனாமரத்தூருக்கு அவள் டீச்சராகப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அங்கே போக யாரும் சம்மதிக்கவில்லை, இவள் கையைத் தூக்கினாளாம். வீட்டில் வந்து சொன்னபோதும் அவன் தலையைத்தான் ஆட்டினான். இப்போது அந்த வருஷம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா, கீழே மாற்றல் கேட்பதா என்று அவள் சொல்லியாக வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். "ஹெச்.எம். ஞாயித்துக்கெழம மத்தியானம் வேலூர் போறாங்க, அதுக்குள்ள ஒரு வார்த்த கேக்கறாங்க. என் வார்த்தைய மட்டும் சொல்லிடலாம். ஆனா நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும், ஒரே ஒரு தடவை. கூப்ட்டா வர்றேன். இருன்னா இருக்கேன். நானும் அங்க வர்றேன்னு நீங்க சொன்னாலும் சரி. எதுனா சொல்லுங்க. நடுவுல மட்டும் நிக்காதீங்க." அவன் "ம்" என்றான். அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது, பிறகு வைத்துவிட்டாள்.

மூன்றில் ஒன்று. மூன்றுமே சின்ன வாக்கியங்கள். வந்துவிடு. இரு. நான் வருகிறேன். புதன்கிழமையிலிருந்து வண்டி ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தான், பூந்தமல்லி டிராஃபிக்கில், வாலாஜா டோல்கேட்டில், பின்சீட்டில் பையர் தூங்கிக்கொண்டிருக்கும்போது உதட்டுக்குள். ஓட்டும்போது வருகிறது. அது அவனுக்கு எப்போதும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஞாயிறானால் இதே பாதைதான், அப்போது கம்பமும் இல்லை கேமராவும் இல்லை, அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் திறந்துகொள்ளும், சின்ன வயதில் தோல் பதனிடுகிற ஷாப்பில் அவன் அப்பா கூடப் போனது, குரோம் தண்ணீரில் ஊறிய தோல் ஏன் நீலமாக மாறுகிறது, எந்தப் பையர் எப்படிச் சாப்பிடுவான், பேசுவான் பேசுவான், சௌமியா ஒரு கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மெதுவா, மெதுவா போங்க, ஆனா நிறுத்தாதீங்க, சொல்லுங்க" என்று சிரிப்பாள். வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்ததும் எல்லாம் அணைந்துவிடும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் மனசுக்குள் எவ்வளவோ ஓடும், வாய்க்கு ஒன்றும் வராது. ஒரு நாள் அவள் விளையாட்டாகச் சொன்னாள், "உங்க கூடப் பேசணும்னா பெட்ரோல் போடணும்." அன்றைக்கு இருவருமே சிரித்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி டிரிப் வந்தது, ஓவர்டைம் வந்தது, மலைக்குப் போவது குறைந்தது, நின்றது. எப்போது நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு அவளே மலைக்குப் போய்விட்டாள்... அப்படி நினைத்ததும் சாவி விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்தான். இதை இதற்கு முன்னால் இப்படிச் சேர்த்து நினைத்ததில்லையே?

கீழே வளைவில் சத்தம் கேட்டது, பெரிய பைக்குகள், கர்நாடகா நம்பர், மூன்றோ நாலோ, முட்டியைச் சாலையில் உரசுகிற மாதிரி சாய்ந்து வந்து, கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதே வேகத்தில் மேல் வளைவில் மறைந்தன. மாட்டுவார்கள், பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் சலான் வந்துவிடும் என்று அவனுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். பின்னாலேயே ஒரு பால் வேன், உள்ளூர் வண்டி, அதுவும் நிற்கவில்லை. அப்புறம் ஒரு டாடா ஏஸ். எதிர்ப் பெஞ்சு காலி. போன வாரமும் காலியாகத்தான் இருந்ததா? அதற்கு முந்தின வாரம்? முன்பெல்லாம் நிற்க இடம் இருக்காது, டிரைவர்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டு ஒருத்தரையொருத்தர், "உனக்கு எம்மா நேரம் பாக்கி?" என்று கேட்டுக்கொண்டு, சீட்டுக்கட்டு விளையாடிக்கொண்டு...

"யாரும் நிக்க மாட்றாங்களேக்கா" என்றான்.

பூங்காவனம் கடலை வறுத்துக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தாமல் திரும்பினாள். "எதுக்கு நிக்கணும்? மழைல மரம் சாஞ்சி அந்தக் கேமராப் பொட்டி ஒடஞ்சி, கழட்டிக்கினு போயி எத்தினி நாளாச்சி. கம்பம் மொட்டையா நிக்குது. எனக்குத்தான் யாவாரம் பூட்ச்சி."

"ஒடஞ்சிட்ச்சா? எனக்குத் தெரியாதே."

"இன்னா தம்பி வெளையாட்றியா? போன வாரமே சொன்னனே உனுக்கு. தலைய ஆட்டுன. ஆட்டிட்டு இன்னொரு டீ சொன்ன. சரி, பாவம், புள்ளைக்கு நம்ம டீ மேல அவ்ளோ ஆசைன்னு வுட்டுட்டேன்." சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத, கள்ளமில்லாத சிரிப்பு. அவனும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

எழுந்து வளைவு வரை நடந்து போய்ப் பார்த்தான். கம்பம் இருந்தது. மேலே குறுக்குக் கையில் பெட்டி இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின, அதில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இதற்குக் கீழேதானே போன வாரம் போனான்? அதற்கு முந்தின வாரமும்? நிமிர்ந்து பார்த்தானா? பார்த்தான். கேமராவைப் பார்க்கிற பழக்கம் எந்த டிரைவருக்கும் போகாது. அந்த ஒயர்களைப் பார்த்த ஞாபகம் இப்போது வருகிறது, ஒரு ஒயர் சிவப்பு, ஒன்று கறுப்பு, ஆமாம், பார்த்திருக்கிறான். பார்த்தவன், காதால் கேட்டவன், தலையை ஆட்டியவன், இன்றைக்குக் காலையில் மறுபடி வேகமாக ஏறி வந்து, மறுபடி பலாமரத்தடியில் வண்டியை ஓரம்கட்டி, மறுபடி நேரத்தைக் கழித்துக்கொண்டிருக்கிறான் என்றால்... யாருக்குப் பயந்து? சலானுக்கா? லைசென்ஸுக்கா? இல்லாத ஒரு பெட்டிக்கா? அல்லது, இந்த எண்ணம் மெதுவாக, விருப்பமில்லாமல் வந்தது, நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் கீழே அவ்வளவு வேகமாக வந்தானா? வேகமாக வந்தால்தான் இங்கே நிற்க ஒரு நியாயம் கிடைக்கும். மெதுவாக வந்தால் நிற்காமல் நேரே அவள் வாசலுக்குப் போயாக வேண்டும்.

கடைக்குத் திரும்பி வருகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் கால் இரண்டு முறை நின்றது. கேமரா சராசரியைத்தான் பார்க்கும். சராசரியாகப் பார்த்தால் கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் ஒரு குறையும் இல்லை. அவன் குடிப்பதில்லை. கையை ஓங்கியதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து தருவான். இன்னும் குழந்தை இல்லை என்பதுகூட அவர்களுக்குள் ஒரு சண்டையாக வெடித்ததில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வந்தார்கள், அந்தப் பேச்சு அப்படியே அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு நசீமுன்னிசா பாட்டியம்மா வருகிறவர்களிடமெல்லாம் அவர்களைத்தான் உதாரணம் காட்டுவாள், "அந்த வூட்ல ஒரு சத்தம் கேட்டுருக்கியா?" கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. சத்தமில்லாத வீட்டில் சௌமியா எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்?

மணி பார்க்கக் கூடாது என்று நினைத்தான், பார்த்தான், மத்தியானத்துக்கு இன்னும் இருந்தது, நிறைய இல்லை. டீக்குச் சில்லறை கொடுத்தான். பூங்காவனம் அதை வாங்கிக்கொண்டு, சாதாரணமாக, கடலையை முறத்தில் கொட்டிக்கொண்டே, "உங்க வூட்டுக்காரம்மா ஒடம்பு இப்பத் தேவலயா?" என்று கேட்டாள்.

"இன்னாக்கா? அவங்களுக்கு இன்னா?"

"டீச்சரம்மாதான? கண்ணாடி போட்டுக்கினு இருக்கும். சாமான்லாம் ஏத்திக்கினு மொதமொதல்ல போனப்ப உன் வண்டில பாத்தனே. அது இங்க வந்திச்சே, இந்த வாரந்தான். கீழ போற பஸ்ஸு, கண்டக்டர் டீ குடிக்க நிறுத்துனான். பையத் தூக்கிக்கினு எறங்கிட்ச்சி. தலை சுத்துதோன்னு நெனச்சேன். பஸ்ஸு பொறப்பட்டப்ப கூப்ட்டான், வரலைன்னுட்ச்சி. நீ குந்திக்கினு இருந்தியே, அதே எடம். அடுத்த பஸ்ஸும் கீழ போச்சி, ஏறல. மேல போறது ஒண்ணு வந்திச்சி, அதையும் வுட்டுட்ச்சி. நான் கேட்டேன், ஒடம்பு சரியில்லியாம்மான்னு. இல்லக்கா, சும்மான்னு சொல்லிச்சி. இருட்டப் போற நேரத்துக்கு மேல போற வண்டில ஏறிட்ச்சி. போறதுக்கு முந்தி யார்கிட்டயோ போன்ல பேசிச்சி, ரொம்ப நேரம் இல்ல."

"புதன்கிழமையாக்கா?"

"எனுக்கு இன்னா கெழம தெரியும்? சந்தைக்கு மறுநாளு."

செவ்வாய்ச் சந்தைக்கு மறுநாள் என்றால் புதன்தான். அந்தப் பஸ் ஹாரன். நடுவுல மட்டும் நிக்காதீங்க என்று அவள் சொன்னது இங்கிருந்துதான், இந்தப் பெஞ்சிலிருந்து. அவன் பெஞ்சைப் பார்த்தான், ஏதோ அது பேசப் போவதுபோல. ஒரு காலுக்கு அடியில் கல் கொடுத்திருந்தார்கள், அப்படியும் ஆடும், உட்கார்ந்தால் எடையை ஒரு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், அவளும் அப்படி வைத்துக்கொண்டிருப்பாள். பையில் என்ன இருந்திருக்கும்? இரண்டு நாளைக்குத் துணியா, எல்லாத் துணியுமா? ஆம்பூருக்குத்தான் கிளம்பினாளா, அல்லது அரக்கோணத்தில் அவள் அண்ணன் வீட்டுக்கா? எதற்காக இறங்கினாள், எதற்காகத் திரும்பினாள், "ம்" என்று அவன் சொன்ன பிறகு மேல் பஸ்ஸில் ஏறினாள் என்றால் அந்த "ம்" அவளை ஏற்றிவிட்டதா, இல்லை அவன் வேறு ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் அடுத்த கீழ் பஸ்ஸில்... இவ்வளவு நாளாக இந்த இடத்தில் தான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்திருந்தான்.

"எந்தப் பக்கம் பாத்துக்கினு உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டுவிட்டான், கேட்ட பிறகுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று உறைத்தது.

பூங்காவனம் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லாக் கேட்ட போ. நான் யாவாரத்தப் பாப்பனா, அது மூஞ்சப் பாப்பனா? ரோட்டப் பாத்துக்கினு இருந்திச்சி. அதான் கேமரா இல்லன்னேனே, கெளம்பு தம்பி. சாப்பாடு ஆறிடப் போவுது."

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். உள்ளே ஏலக்காயும் புதினாவும் கலந்த வாசனை, அதற்கடியில் எப்போதும் போகாத தோல் வாசனை. கையைப் பின்னால் நீட்டித் துண்டை விலக்கிப் பொட்டலத்தைத் தொட்டான். இன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்திருந்தான், சூடு இருந்தது. வெதுவெதுப்பு இல்லை, சூடு. அப்படியானால் அது வழியில் ஆறவில்லை, ஒரு நாளும் வழியில் ஆறவில்லை, இங்கேதான் ஆறியிருக்கிறது, வாராவாரம் அவன் ஆற வைத்துத்தான் கொண்டுபோயிருக்கிறான், விரலால் தொட்டுப் பார்த்தபோதெல்லாம் அவள் தொட்டது இதைத்தான்... இஞ்சின் ஓட ஆரம்பித்தது. வளைவு வந்தது, கம்பம் வந்தது, கரிச்சான் பறந்தது. கால் அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை. "சௌமி" என்றான், இடப்பக்கக் காலி சீட்டைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி. குரல் நன்றாகத்தான் வந்தது. "சௌமி, கேளு, நான் அந்தக் கடையில உக்காந்துக்கினு இருந்தேன். ஒவ்வொரு வாரமும். சலானுக்காக இல்ல." இதெல்லாம் வருகிறது, ஓடிக்கொண்டிருக்கும்வரை வரும், வாசலில் அணைத்ததும் போய்விடும், அது அவனுக்குத் தெரியும். அணைக்காமல் இருந்தால்? இறங்கவே இறங்காமல், கண்ணாடியை இறக்கி, ஏறு என்று ஒரு வார்த்தை? அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட முடியும் என்று தோன்றியது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஜன்னல் வழியாக அவனைப் பார்த்து, எங்க என்று கேட்பாள். மேலேயா, கீழேயா? அதற்கு மட்டும் பதில் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் தொலைவில் தெரிய ஆரம்பித்தது, அவன் பேச்சை நிறுத்தவில்லை, பேசிக்கொண்டே ஒரு கையை நீட்டி இடப்பக்கக் கதவின் லாக்கை எடுத்துவிட்டான்.